ஈயம் தோண்டிய தீவும் 1986 ஜூன் மாதமும்

புக்கெட் போய்வந்தேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எந்த பீச்சில் தங்கினீர்கள்?" சொந்தக்காரர் ஒருவர் அதற்கும் மேலே போய், "பீச்சை எடுத்துவிட்டால் அந்தத் தீவில் பார்க்க ஒன்றும் கிடையாது" என்று ஒரேயடியாக முடித்துவிட்டார். கல்யாணமான புதிதில் மனைவியோடு பாங் தாவ் கடற்கரைப் பக்கம் தங்கிவிட்டு வந்தவர் அவர். அப்போது எடுத்த படங்களை எனக்குக் காட்டினார். பாதிப் படங்கள் கடலோரத்தில் எடுத்தவையே அல்ல, ஓட்டல்களுக்கு நடுவே பச்சையும் நீலமுமாகக் கிடக்கும் ஏரிகளின் கரையில் எடுத்தவை. அந்த ஏரிகள் மழையோ ஆறோ உண்டாக்கியவை அல்ல. ஈயத்துக்காக, அதாவது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்துக்காக, தோண்டி, எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு அப்படியே விட்டுப்போன குழிகள். அதைச் சொன்னேன். "அப்படியா? ஆனால் ரொம்ப அழகாக இருந்ததே" என்றார். அழகுதான், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் "ஒன்றும் கிடையாது" என்ற அந்தச் சொல் மட்டும் எனக்குள் அடங்க மறுத்தது. ஒரு தீவின் வயிற்றைக் கிழித்து நூற்றாண்டுக் கணக்கில் எடுத்ததெல்லாம் சேர்ந்துதான் அவர் படம் எடுத்துக்கொண்ட அந்தக் கரை. அது எப்படி ஒன்றுமில்லாமல் போகும்?

அப்புறம் யோசிக்க யோசிக்க, குறை அவருடையது மட்டும் இல்லை என்று தோன்றியது. புக்கெட்டே தன் கதையை இரண்டு துண்டாக வெட்டித்தான் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறது. ஒரு துண்டு கடல்: படோங், கரோன், காட்டா, நாய் ஹார்ன். இன்னொரு துண்டு "பாரம்பரியம்": வண்ணம் பூசிய பழைய வீடுகள், சுரங்க அருங்காட்சியகம், சீனக் கோயில்கள். முதலாவது நிகழ்காலமாம், இரண்டாவது முடிந்துபோன காலமாம். ஒன்று எப்படி இன்னொன்றாக மாறியது என்ற இடத்தில்தான் கதையின் உயிரே இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த இடத்தைப் பற்றிப் பேச்சே காணோம்.

மணலும் ஈயமும்

புக்கெட் தாய்லாந்தின் மிகப் பெரிய தீவு, தீவே ஒரு மாகாணமாகவும் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். 1967-இல் சரசின் பாலம் திறந்த பிறகு பெயருக்குத்தான் தீவு, பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடலாம். மேற்குப் பக்கம் முழுக்க வரிசையாகக் கடற்கரைகள், ஒவ்வொரு கடற்கரைக்கும் இரண்டு பக்கமும் பாறை முனைகள். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தைப் போட்டு அறைகிறது. அப்போது சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கக் கூடாது, வருடா வருடம் இறங்கியவர்கள் சிலர் திரும்புவதில்லை.

மியன்மார் கரையோரமாக இறங்கி ரானோங், பங் ஙா, புக்கெட் வழியாகச் செல்லும் கருங்கல் தொடர் ஒன்று உண்டு. வெள்ளீயக் கனிமம் அந்தக் கருங்கல்லோடு சேர்ந்து பிறந்தது. பாறை கரைந்து மணலானபோது லேசான மணலைத் தண்ணீர் கடல்வரை தள்ளிக்கொண்டு போனது, கனமான ஈயக் கனிமம் ஓடைகளின் அடியிலும் பள்ளத்தாக்குகளிலும் கரையோரச் சேற்றிலும் தங்கிவிட்டது. அரிசியை அரித்துக் கல் பிரிப்பதுபோலத்தான் வேலை. என்ன, இங்கே அடியில் நிற்கும் கல்தான் வேண்டியது. அகலமான மரத்தட்டை இடுப்பளவு தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி ஈயம் அரித்தவர்களில் பெண்களே அதிகம், சுரங்கங்கள் மூடும் காலம் வரைக்கும் அது நடந்தது. ஆகப் புக்கெட்டில் மணலும் ஈயமும் வேறு வேறு கதை அல்ல. ஒரே கல் இரண்டாகப் பிரிந்தது, ஒன்றை முன்னால் விற்றார்கள், இன்னொன்றை இப்போது விற்கிறார்கள்.

இந்தக் கரைக்கு நம் ஆட்கள் போன கதை பலருக்குத் தெரியும், ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. புக்கெட்டுக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது தக்குவா பா. அங்கே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தைத் தோண்டி அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் என்ற படையினர் ஆகியோரின் காவலில் விட்டதைச் சொல்கிறது. கிழக்கே கிராபியில் கிளோங் தோம் என்ற இடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் சின்னக் கல் ஒன்று கிடைத்தது, அதில் தமிழ் பிராமியில் "பெரும்பதன் கல்" என்று எழுதியிருக்கிறது. வியாபாரிகள் குளம் வெட்டும் அளவுக்கு அந்தக் கரையில் தங்கியிருக்கிறார்கள் என்றால் அங்கே அவர்களுக்கு வேலை இருந்திருக்கிறது. அவர்கள் எதையெல்லாம் கப்பலில் ஏற்றினார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை, நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. ஆனால் நம் பாட்டிகள் ரசம் வைத்த ஈயச்சொம்பு இந்த வெள்ளீயத்தால் ஆனதுதான். ஈயப் பூச்சு இல்லாமல் ஒரு பித்தளைப் பாத்திரம்கூட அடுப்பேறாத நாடு நம்முடையது. அந்த ஈயம் விளைந்த கரைக்குப் போய்விட்டு "ஒன்றும் கிடையாது" என்று திரும்புவது எனக்குத் தாங்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இங்கே முட்டிமோதிக்கொண்டது ஈயத்துக்காக. அப்போது ஊரின் பெயர் தலாங். 1785-இல் பர்மியப் படை முற்றுகையிட்டபோது, ஆளுநர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் மனைவி சானும், சானின் தங்கை மூக் என்பவரும் ஊரைத் திரட்டி நின்றார்கள், பெண்களுக்கு ஆண் வேடம் போட்டு ஆள் பலம் காட்டினார்கள் என்று கதை. ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்த பிறகு பர்மியப் படை திரும்பிப்போனது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியில் வாளேந்தி நிற்கும் இரண்டு பெண் சிலைகள் அவர்கள்தான். பினாங்கை 1786-இல் ஆங்கிலேயருக்காகப் பிடித்துக்கொடுத்த பிரான்சிஸ் லைட், அதற்கு முன் இந்தத் தலாங்கில் வியாபாரம் செய்தவர். சான் அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் வீரம் பற்றி ஒன்றுமில்லை. கடன், பஞ்சம், ஈயம், இவைதான். சிலையாக நிற்பவரைவிட அந்தக் கடிதங்களில் இருப்பவர்தான் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார்.

வண்ண வீடுகளுக்குப் பின்னால்

புக்கெட் பட்டணத்தின் தலாங் சாலையிலும் டிபுக் சாலையிலும் நடந்தால் மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று இரண்டு மாடிக் கடைவீடுகள். முன்பக்கம் ஐந்தடித் தாழ்வாரம், மேலே மரச் சன்னல், உள்ளே முற்றம், கிணறு. பினாங்கு ஜார்ஜ்டவுனைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும், இது அதன் தங்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு வழியாக வந்த ஹொக்கியன் சீனர்கள் ஈயத்தில் கூலியாக இறங்கினார்கள். அவர்களில் சிலர் முதலாளி ஆனார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து பாபா குடும்பங்கள் ஆனார்கள். ஈயக் கனிமம் பினாங்குக்கு உருக்கப் போனது, பிள்ளைகள் பினாங்குக்குப் படிக்கப் போனார்கள், சாப்பாடும் உடையும் பேச்சும் அங்கிருந்து வந்தன. காலை நாலு மணிக்கே திம்சம் என்ற சீனச் சிற்றுண்டிக் கடை திறக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போது அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது சுரங்கத்துக்குக் கிளம்பியவர்களின் நேரம் என்று தெரியும்?

அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும்பகுதி ஈயம். மிச்சம் அபின், சூதாட்டம், சாராயம். சுரங்க முதலாளிகளே இவற்றின் வரிக்குத்தகையையும் எடுத்தார்கள். கூலிக்குக் கொடுத்த காசு அபின் வழியாக அவர்களிடமே திரும்பி வந்தது. 1876-இல் கூலிகளின் ரகசியச் சங்கங்கள் கலவரத்தில் இறங்கி ஊரைக் கொளுத்தியபோது, சலோங் கிராமத்து மக்கள் அங்கிருந்த பௌத்தக் கோயிலில் அடைக்கலம் புகுந்தார்கள். கோயிலின் தலைமைத் துறவி லுவாங் போ சேம் அவர்களுக்குத் தைரியம் சொல்லி நிறுத்தினார். வாட் சலோங்கில் இன்றும் பட்டாசு வெடித்து, தங்கத் தகடு ஒட்டி அவரைக் கும்பிடுகிறார்கள். சுரங்க அருங்காட்சியகம் இருக்கும் கத்துவில்தான் புகழ்பெற்ற சைவ உணவுத் திருவிழாவும் தொடங்கியது. 1825-இல் சுரங்கக் கூலிகளுக்குக் கூத்து நடத்த வந்த சீன நாடகக் குழுவினர் காய்ச்சலில் விழுந்தார்கள், மாமிசம் விட்டு ஒன்பது பேரரசர் தெய்வங்களை வேண்டிக் குணமானார்கள் என்று சொல்வார்கள். ஒன்பது நாள் விரதம், சாமியாடிகள் கன்னத்தில் வேல்போலக் கம்பி குத்திக்கொண்டு ஊர்வலம், நெருப்பு மிதித்தல். பழனிக்கு அலகு குத்திப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் அதிர்ச்சியாக எதுவும் தெரியவில்லை. வெளிநாட்டுப் படங்களில் அதை ஏதோ பயங்கரக் காட்சியாகக் காட்டுவதுதான் எனக்கு வேதனை. காய்ச்சலுக்கும் மண்சரிவுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த கூலிகளின் வேண்டுதல் அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பேர் தீவை மாற்றினார்கள். ஒருவர் காவ் சிம் பீ என்ற பிரயா ரட்சடா, அந்தமான் கரை மாகாணங்களுக்கு அரசர் நியமித்த ஆணையர். இன்னொருவர் டாஸ்மேனியாக்காரர் எட்வர்ட் மைல்ஸ். துறைமுகத்தை ஆழப்படுத்திக் கொடுப்பது, அடியில் கிடைக்கும் ஈயத்தை எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். 1906-இல் டோங்கா துறைமுகத் தூர்வாரும் கம்பெனி உருவானது. அடுத்த வருடம் முதல் தூர்வாரிக் கப்பல் வேலையைத் தொடங்கியது. இரும்பு வாளிகளைச் சங்கிலியில் கோத்துக் கடலடி மண்ணை அள்ளி அள்ளி மேலே கொட்டும் மிதக்கும் ஆலை அது. தென்கிழக்கு ஆசியாவில் அப்படிப்பட்டது அதுதான் முதல். சபான் ஹின் பூங்காவில், கடல் ஓரமாக, மைல்ஸுக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. சாயங்காலம் அங்கே பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள், பெண்கள் இசைக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள்.

அந்தச் சின்னத்தின் முன்னால் நின்றபோதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த எரிச்சலுக்கு ஒரு உருவம் கிடைத்தது. ஊரைக் காத்த பெண்களுக்குச் சிலை இருக்கிறது. ஈயத்தைக் கடலிலிருந்து அள்ளியவருக்கும் சின்னம் இருக்கிறது. ஈயத்தை நிறுத்தியவர்களுக்கு எங்கே?

எட்டு மாதம்

1985 அக்டோபர் 24. லண்டனில் சர்வதேச ஈயக் கவுன்சிலின் கையில் காசு தீர்ந்துபோனது. விலை விழாமல் இருக்க வருடக்கணக்காகச் சந்தையில் ஈயத்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த அமைப்பு அது. அன்று லண்டன் உலோகச் சந்தை ஈய வியாபாரத்தையே நிறுத்தியது. அடுத்த மாதங்களில் விலை ஏறத்தாழப் பாதியானது. மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கிலும் பொலிவியாவிலும் நடந்ததேதான் புக்கெட்டிலும் நடந்தது: தோண்டும் செலவுக்குக்கூட விற்ற காசு காணவில்லை, குழி குழியாக மூடினார்கள்.

அடுத்த வருடம் ஜூன் 23. புக்கெட்டில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த டான்டலம் ஆலையை மக்கள் எரித்தார்கள். இரண்டு தேதிக்கும் நடுவே ஒரு நாள் குறைய எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில்தான் சுரங்கத் தீவு சுற்றுலாத் தீவானது என்பேன். அதற்கு முன்பும் ஓட்டல்கள் இருந்தன, அதற்குப் பின்பும் சில சுரங்கங்கள் சில வருடம் ஓடின. ஆனாலும் முடிவு எடுத்த காலம் இதுதான்.

டான்டலம் ஈயத்தோடு சேர்ந்து கிடைக்கும் உலோகம், மின்னணுக் கருவிகளுக்கும் கடினமான உலோகக் கலவைகளுக்கும் தேவை. 1960-களின் நடுவில் புக்கெட்டிலேயே ஈய உருக்காலை வந்தது, அதைத் தொடங்கியதில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு கம்பெனிக்குப் பங்குண்டு. உருக்கிய பிறகு மிஞ்சும் கசடுக்கு யாரும் மதிப்பு வைக்கவில்லை. பள்ளம் நிரப்பினார்கள், சாலைக்குக் கீழே கொட்டினார்கள். 1970-களின் கடைசியில் டான்டலம் விலை ஏறியபோதுதான் அந்தக் கசடில் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது. உடனே பழைய கசடு நிரப்பிய இடங்களையெல்லாம் திரும்பத் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டிய மண்ணையே இன்னொரு முறை தோண்டுவது! அந்தக் கசடிலிருந்து டான்டலம் பிரிக்கத்தான் ஆலை. அதைப் பிரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும் அமிலம் அது.

அதே யூனியன் கார்பைடின் ஆலையில் போபால் விஷவாயு விபத்து நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. செர்னோபில் நடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புக்கெட்காரர்களுக்கு யூனியன் கார்பைடு என்பது செய்தித்தாளில் படித்த பெயர் மட்டுமல்ல. அதே கம்பெனி தொடர்புடைய டெம்கோ நிறுவனத்துக்கு அந்தமான் கடலில் ஈயம் எடுக்கக் கொடுத்திருந்த உரிமத்தை, மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு, 1975-இல் தாய்லாந்து அரசு ரத்து செய்திருந்தது. பயம் வெறும் வதந்தியில் பிறக்கவில்லை. ஆலை ஊரை ஒட்டியே எழும்பிக்கொண்டிருந்தது. கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள். ஜூலை கடைசியில் பொதுத்தேர்தல் வேறு. ஜூன் 23 அன்று தொழில்துறை அமைச்சர் மக்களைச் சந்திக்க வந்தார். பல பத்தாயிரம் பேர் திரண்டார்கள். சந்திப்பு நடக்கவில்லை. கூட்டம் ஆலைப் பக்கம் திரும்பியது. ஆலை எரிந்தது, பட்டணத்தில் இருந்த பெரிய ஓட்டல் ஒன்றும் தாக்குதலுக்கு ஆளானது. அரசு அவசர நிலை அறிவித்தது.

நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் அந்த நாளைப் பார்த்தவர். பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் அறைகள் விடுகிறார். எல்லோரும் அவரை 'பீ' என்று, அதாவது அக்கா என்று, கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய அப்பா ஈயச் சுரங்கத்தில் கணக்கெழுதியவர். விலை விழுந்த பிறகு சுரங்கம் மூடி, வேலை போய், வீட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தார். அண்ணன் ஊர்வலத்துக்குக் கிளம்பியபோது அப்பா தடுக்கவில்லையாம். "ஆலை வந்திருந்தால் அப்பாவுக்கே அங்கே வேலை கிடைத்திருக்கும். ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழித் தண்ணீர் எங்கே எப்படி ஓடும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்" என்றார் பீ. அப்புறம், "எரித்தது சரி என்று சொல்லவில்லை. போலீஸ் வந்தது, ஊரடங்கு வந்தது, பயந்துதான் கிடந்தோம். ஆனால் கேட்டோம், மனு கொடுத்தோம், யார் காதில் விழுந்தது?" என்றும் சொன்னார். நான் மேலும் கேட்கப் பார்த்தேன். கீழே விருந்தினர் யாரோ வந்து மணி அடித்தார்கள், எழுந்து போய்விட்டார்.

ஓட்டல் முதலாளிகள் தூண்டிவிட்டதுதான் அந்தக் கலவரம் என்று ஒரு பேச்சு உண்டு. சுற்றுலாவில் பணம் போட்டவர்களுக்கு ஆலை பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தீவின் மக்கள்தொகையில் பெரும் பங்கு தெருவில் இறங்கி நின்றதை ஓட்டல்காரர்களின் காசுக்குள் அடக்கிவிட முடியாது. வேலைபோன சுரங்கக் கணக்கரின் அந்த மௌனத்தை எந்த ஓட்டல்காரன் விலைக்கு வாங்கினான்? ஈயத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள்தான் அது என்ன செய்யும் என்று அறிந்திருந்தார்கள். கலங்கிய ஓடைகளையும், தூர்வாரிகள் கிளப்பிய சேறு படிந்த பவளப் பாறைகளையும் பார்த்தவர்கள் அவர்கள். "நாங்கள் போதுமான அளவு தோண்டிவிட்டோம்" என்று ஒரு ஊரே சொன்ன நாளாகத்தான் அதை நான் பார்க்கிறேன். வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த முடிவு பெரியது.

குழிகள் என்ன ஆயின

பாங் தாவ் பற்றி 1977-இல் எழுதிய திட்ட அறிக்கை ஒன்று, அந்தக் கடற்கரை சுற்றுலாவுக்கு லாயக்கில்லாத அளவுக்குச் சீரழிந்துவிட்டது என்று முடிவு கட்டியது. மரம் இல்லை, மண் செத்துவிட்டது, குழிகளில் தேங்கிய தண்ணீர் மட்டும் நீலமாகப் பளபளத்தது. 1980-களில் சிங்கப்பூரின் ஹோ குவோன் பிங் குடும்பம் அந்த நிலத்தை வாங்கியது. மண்ணை மாற்றி, ஆயிரக்கணக்கில் மரம் நட்டு, குழிகளை ஏரிகளாக்கி, சுற்றிலும் ஓட்டல்கள் கட்டியது. 1987-இல் அது லகுனா என்ற பெயரில் திறந்தது. நாசமான நிலத்தை மீட்டதற்கு அதை உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கும் அதில் மரியாதை உண்டு. கத்துவில் பழைய சுரங்க நிலம் கோல்ஃப் மைதானம் ஆனது. வேறு சில குழிகளிலிருந்து ஊருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள், இப்படியாவது பயன்பட்டது நல்லதுதான்.

ஆனால் குழியை ஏரியாக்கிய அதே கைகள் மலையை வெட்ட ஆரம்பித்தபோது யாரும் தெருவுக்கு வரவில்லை. கடல் தெரியும் சரிவுகளில் மாளிகைகள் ஏறின. 2019-இல் ஒரு கோடிக்கு அருகே பயணிகள் வந்தார்கள் என்று கணக்கு, தீவில் பதிவான மக்களோ நாலு லட்சத்துச் சொச்சம். குப்பை நாளொன்றுக்கு ஆயிரம் டன்னைத் தொடுகிறது. எரிக்கும் உலை அதே சபான் ஹின் பக்கம், அதற்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. கோடையில் லாரியில் தண்ணீர் வாங்குகிறார்கள். 2024 ஆகஸ்டில் பெருமழையில் நாக்கேர்ட் மலைச்சரிவு பெயர்ந்து பதின்மூன்று பேரைக் கொன்றது. சுரங்கத்தின் வழக்கம் ஒன்று உண்டு: வெளியூர்ப் பணம் வரும், உரிமம் வாங்கும், கிடைக்கும்வரை எடுக்கும், மிச்சத்தை ஊரிடம் விட்டுப்போகும். 1986-இல் நின்றது ஈயம் மட்டும்தான், இந்த வழக்கம் நிற்கவில்லை. எனக்கு அடங்காமல் இருப்பது இதுதான்.

தெற்கே ரவாய் கடற்கரையில் உரக் லாவோய் கடலோடிகளின் குடியிருப்பு இருக்கிறது. சீனர் வருவதற்கும் முன்பே இந்தக் கடலில் மிதந்தவர்கள். யார் பெயரிலும் எழுதாமல் வாழ்ந்த நிலத்துக்கு இப்போது வேறு யாரிடமோ பத்திரம் இருக்கிறது. 2016 ஜனவரியில் அவர்கள் கடலுக்கும் வழிபாட்டு இடத்துக்கும் போகும் பாதையில் பாறாங்கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள், கைகலப்பில் பலருக்குக் காயம். தாங்கள் இங்கேயே இருந்தவர்கள் என்று நிரூபிக்க அவர்கள் முன்னோரின் எலும்புகளைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, 1959-இல் அரசர் வந்தபோது எடுத்த பழைய படங்களைக் காட்ட வேண்டியிருந்தது. 2004 சுனாமி நம் நாகப்பட்டினத்தைப் போலவே இந்தக் கரையையும் அடித்தது. அதற்குப் பிறகு கடலோர நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது, இவர்கள்மேல் நெருக்கடியும் கூடியது.

இன்னொரு ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும். புக்கெட்டில் எரிந்த அந்த டான்டலம் ஆலை அத்தோடு ஒழியவில்லை. தாய்லாந்து வளைகுடாவின் மறுகரையில், ராயோங் மாகாணத்தின் மாப் தா புட் தொழிற்பேட்டையில் எழும்பியது. அங்கே பெட்ரோ ரசாயன ஆலைகள் குவிந்தன. காற்றும் தண்ணீரும் கெட்டு, மக்கள் நீதிமன்றம் போய், அந்தப் பகுதியை மாசுக் கட்டுப்பாட்டு மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று 2009-இல் தீர்ப்பு வாங்கினார்கள். அந்த மாசு முழுக்க டான்டலத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புக்கெட் வேண்டாம் என்று சொன்னதை வாங்கிக்கொள்ள இன்னொரு கரை தேவைப்பட்டது. அந்தக் கரையில் படோங் போன்ற பெயர் இல்லை, பார்க்க வரும் பயணிகள் இல்லை, அதனால் குரலும் இல்லை. புக்கெட்காரர்களின் அந்த நாளை மதிக்கிற எனக்கு இந்தப் பாதியை மறைத்துவிட்டு மதிக்கத் தெரியவில்லை.

சபான் ஹின்னில் மைல்ஸ் சின்னத்துக்குப் பக்கத்தில் இடம் நிறைய இருக்கிறது. அங்கே இன்னொரு கல் வைக்க வேண்டும். அதில் 1985 அக்டோபர் 24, 1986 ஜூன் 23 என்று இரண்டு தேதியும், கீழே மாப் தா புட் என்ற பெயரும் இருந்தால் போதும், பெரிய சிலையெல்லாம் வேண்டாம். அன்று அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். வாசகத்தில் என்ன எழுதுவது என்று அவர்களைக் கேட்பதாக இருந்தால் இப்போதே கேட்க வேண்டும். ராயோங்கிலிருந்தும் யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.